வீட்டின் துணைக் கட்டடம் அலுவலகமாகும்போது

ஒரு கட்டடத்திற்கு உள்ளாட்சி மன்றம் அனுமதி வழங்கும்போது இரண்டு பொருள்களுக்கு அனுமதி வழங்குகிறது. ஒன்று, எழுப்பப்படும் கட்டுமானம். மற்றொன்று, அக்கட்டுமானத்திற்குள் நடைபெறவிருக்கும் உபயோகம். முன்னதைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் அறிந்திருக்கின்றனர். பின்னதைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. "சுவர் என்னுடையது, ஒரு செங்கல்லைக்கூட நான் புதிதாக வைக்கவில்லை, பிறகு அனுமதி எதற்கு?" என்று கேட்பவர்கள் ஏராளம். வீட்டின் பின்புறத்தில் உள்ள கார் கொட்டகையையோ, சாமான் அறையையோ, வேலையாள் குடியிருப்பையோ அலுவலகமாக மாற்ற முற்படும்போதுதான் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. இதற்குரிய விடையை அறிந்துகொள்வது வீட்டுக்காரருக்கும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலருக்கும் ஒருங்கே பயன்தரும்.

பாலாநகர்: ஓர் எடுத்துக்காட்டு

ஐதராபாத் மாநகரின் வடமேற்கில் உள்ள பாலாநகர் 1960-களில் தொழிற்பகுதியாக உருவெடுத்தது. சோவியத் நாட்டின் உதவியுடன் ஐ.டி.பி.எல். நிறுவனத்தின் செயற்கை மருந்துத் தொழிற்சாலை இங்கு அமைந்தது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் ஐதராபாத் பிரிவு 1965-இலும், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968-இலும் தோன்றின. இப்பெரிய நிறுவனங்களைச் சுற்றிலும் கடைசல் பட்டறைகளும், அச்சு வார்ப்புக் கூடங்களும், உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழில்களும் பெருகின. அவற்றில் உழைத்தவர்கள் அருகிலேயே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டனர்.

2007 ஏப்ரலில் கூகட்பள்ளி உள்ளிட்ட பன்னிரண்டு நகராட்சிகள் ஐதராபாத்துடன் இணைக்கப்பட்டு மகா ஐதராபாத் மாநகராட்சி உருவானபோது இப்பகுதியும் மாநகரின் ஓர் அங்கமாயிற்று. 2017 நவம்பரில் மெட்ரோ ரயிலும், 2021 ஜூலையில் மேம்பாலமும் வந்தன. போக்குவரத்து வசதி பெருகியதால் இடத்திற்கான தேவையும் வாடகையும் உயர்வது இயல்பே. கடைவீதியில் அலுவலகம் எடுக்க இயலாத சிறு தொழில்புரிவோரின் பார்வை வீடுகளின் பின்கட்டின் மீது விழுகிறது. வீடும் தொழிலும் தொடக்கம் முதலே அடுத்தடுத்து வாழ்ந்து வந்துள்ள பாலாநகர் போன்ற பகுதிகளில் இது வியப்புக்குரியதன்று.

இங்கு இரு வீடுகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். முதல் வீட்டில், பணி ஓய்வு பெற்ற கருவி வடிவமைப்பாளர் ஒருவர் தம் கார் கொட்டகையில் ஒரு மேசையும் கணிப்பொறியும் வைத்து, பட்டறைகளுக்கு வரைபடம் தயாரித்துத் தருகிறார். அடுத்த வீட்டுக்காரர் அதே அளவுள்ள தம் கொட்டகையைக் கடன் வசூல் நிறுவனமொன்றிற்கு வாடகைக்கு விடுகிறார். அங்குப் பன்னிரண்டு பேர் பணியாற்றுகின்றனர். நாள் முழுதும் ஆட்கள் வந்துபோகின்றனர். தெருவில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கொட்டகைகள் இரண்டும் ஒரே அளவின. சுவர்களில் மாற்றம் ஏதுமில்லை. எனினும் நகரமைப்புச் சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் ஒன்றல்ல.

'வளர்ச்சி' என்பதன் சட்டப் பொருள்

நகரமைப்புச் சட்டங்களில் 'வளர்ச்சி' என்னும் சொல் தனிப் பொருள் உடையது. 1957-ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டமும், ஐதராபாத் உள்ளிட்ட நகரங்களுக்காக இயற்றப்பட்ட 1975-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச நகர்ப்புறப் பகுதிகள் வளர்ச்சிச் சட்டமும், கட்டடம் கட்டுதலோடு, கட்டடத்திலோ நிலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் செய்வதையும் வளர்ச்சி என்றே வரையறுத்தன. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் உபயோகத்தில் ஏற்படும் குறிப்பிடத்தக்க மாற்றத்தையும் இவ்வரையறைக்குள் கொண்டுவருகிறது. தில்லிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதற்கு மாறாக எந்த நிலத்தையும் கட்டடத்தையும் பயன்படுத்தலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே செங்கல் வைக்காமலேயே ஒருவர் சட்டத்தை மீற இயலும்.

இக்கருத்தின் வேர் 1947-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் உள்ளது. அச்சட்டம் உபயோக மாற்றத்தை அனுமதிக்கு உட்படுத்தியபோதே ஒரு விலக்கையும் அளித்தது: வீட்டின் வளாகத்திற்குள் இருக்கும் கட்டடத்தை, அவ்வீட்டில் வாழ்வதற்குத் துணையான காரியங்களுக்குப் பயன்படுத்தினால் அது வளர்ச்சியாகாது. எனவே அந்நாட்டில் தோட்டத்து அறையில் தனி அனுமதியின்றி அமர்ந்து பணிபுரிவோர் பலர். ஆயினும் அவ்வறை வீட்டின் துணை என்ற நிலையை இழந்து தனித்த வணிக இடமாகும் கணத்தில் அனுமதி தேவையாகிறது. அந்த எல்லை எங்கே என்பதை ஒவ்வொரு நேர்விலும் செயலின் தன்மையையும் அளவையும் கொண்டே முடிவு செய்கின்றனர்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதனை ஒத்த கருத்தையே மேற்கொள்கிறது. 1970-இல் முதலில் வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்ற இத்தொகுப்பு கட்டடங்களை உபயோகத்தின்படி வகைப்படுத்துகிறது. குடியிருப்பு 'ஏ' பிரிவிலும், அலுவலகங்கள் உள்ளிட்ட பணியிடங்கள் 'இ' பிரிவிலும் அடங்கும். ஒரு கட்டடத்தின் வகையை நிர்ணயிப்பது அதன் முதன்மை உபயோகமே. அதனைச் சார்ந்துள்ள துணை உபயோகங்களும் அதனுள் அடங்கும். வடிவமைப்பாளரின் கொட்டகையில் முதன்மை உபயோகம் இன்னும் வீடே. வசூல் நிறுவனத்தின் கொட்டகையில் வீட்டின் சாயல்கூட இல்லை.

முதற் சோதனை: கட்டடம்

உபயோகத்தை ஆராயுமுன் கட்டடமே முறையானதா என்று பார்த்தல் வேண்டும். துணைக் கட்டடங்களில் பல, மனையின் எல்லைக்கும் வீட்டிற்கும் இடையே விடப்பட வேண்டிய திறந்த இடைவெளியில் நிற்பவை. இந்த இடைவெளி வீட்டுக்காரரின் வசதிக்காக மட்டும் விதிக்கப்பட்டதன்று. அண்டை வீட்டின் வெளிச்சமும் காற்றும், தீ விபத்தின்போது மீட்பு வழியும் அதனைப் பொறுத்தவை. இடைவெளியை அடைத்து எழுந்த கொட்டகைக்கு அனுமதி இல்லையெனில், அதில் அலுவலகம் அமைக்க அனுமதி கேட்பது அடித்தளமின்றி மாடி கட்டுவதற்கு ஒப்பாகும். கார் நிறுத்துவதற்கென வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்தை அலுவலகமாக்கினால் கார் தெருவுக்குச் செல்லும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது, மனிதர் நெடுநேரம் அமர்ந்து பணிபுரிவதற்கு அந்த இடம் ஏற்றதா என்பது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வாழ்வதற்குரிய அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது. ஓர் அறை மட்டுமே இருக்குமிடத்தில் அதன் பரப்பு 9.5 சதுர மீட்டருக்கும், அகலம் 2.4 மீட்டருக்கும் குறையலாகாது. சன்னல் முதலிய திறப்புகள் தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை, அவ்வவ்விடத்தின் தட்பவெப்பத்திற்கேற்ப அமைய வேண்டும். கார் கொட்டகைக்கும் சாமான் அறைக்கும் இத்தகைய கண்டிப்பு இல்லை. ஆதலின் சாமான் அறையாக அனுமதி பெற்ற கட்டடம் பணியறையாகத் தகுதி பெறும் எனக் கொள்ளுதல் கூடாது. தகரக் கூரையின் கீழ் ஐதராபாத்தின் கோடையில் எட்டு மணி நேரம் பணிபுரிவோரின் நலம் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாவது சோதனை: உபயோகம்

கட்டடம் முறையானதாயின், அப்பகுதிக்குரிய முழுமைத் திட்டத்தில் மனை எந்த மண்டலத்தில் அமைந்துள்ளது என்று காண வேண்டும். குடியிருப்பு மண்டலத்தில் அலுவலகம் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், கணக்காயர் போன்றோர் தாம் குடியிருக்கும் வீட்டில் ஒரு பகுதியைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்துவதை இந்திய நகரங்களின் மண்டல விதிகள் பல வரையறைகளுடன் ஏற்கின்றன. 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பெற்ற தில்லி முழுமைத் திட்டம் 2021 இதற்குத் தெளிவான உதாரணம். தொழிற்புலமையை அடிப்படையாகக் கொண்ட பணிகளை, அவ்வீட்டில் குடியிருப்போர் மட்டும், தளப்பரப்பில் பாதிக்கு மேற்படாமல் நடத்தலாம் என்று அது விதித்தது. இங்குக் கருத வேண்டியவை மூன்று: செய்பவர் அவ்வீட்டில் வாழ்பவராக இருத்தல், பணி அவருடைய சொந்தப் புலமையைச் சார்ந்திருத்தல், வீடு வீடாகவே நீடித்தல்.

நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகின்றன. உடுப்பியில் குடியிருப்புப் பகுதியொன்றில் கல்யாண மண்டபமாகவும் சொற்பொழிவுக் கூடமாகவும் அமையவிருந்த கட்டடத்தைத் திரையரங்காக மாற்ற நகராட்சி இசைந்தது. கே. ராமதாஸ் ஷெணாய் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. திட்டத்திற்கு மாறான கட்டடம் அங்கு வாழ்வோர் தம் வீட்டை அமைதியாக அனுபவிக்கும் உரிமையைப் பாதிக்கிறது என்றும், அவ்வுரிமையைக் காப்பது நகராட்சியின் கடமை என்றும் அத்தீர்ப்பு உணர்த்திற்று. அதாவது உபயோக மாற்றம் வீட்டுக்காரருக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான பேச்சு மட்டுமன்று. பக்கத்து வீட்டாரும் அதில் ஒரு தரப்பினரே.

2006 பிப்ரவரி 16 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு தில்லியில் குடியிருப்புக் கட்டடங்களை வணிகத்திற்குப் பயன்படுத்துவதை நிறுத்த உத்தரவிட்டது. அதனையடுத்து ஆயிரக்கணக்கான இடங்கள் முத்திரையிடப்பட்டன. பலர் பிழைப்பை இழந்தனர். நாடாளுமன்றம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றும் நிலை ஏற்பட்டது. 2011 டிசம்பரில் நொய்டா நகரின் குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய வங்கிகளும் மருத்துவ இல்லங்களும் வெளியேற வேண்டும் என்று ஆர்.கே. மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 டிசம்பர் 17 அன்று, மீரட்டில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகளைப் பற்றிய வழக்கில், காலம் கடந்ததும், பணம் செலவானதும், அதிகாரிகள் வாளாவிருந்ததும் விதிமீறலை நியாயப்படுத்த மாட்டா என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் இழப்பு, தொடக்கத்தில் சிறிதாய்த் தோன்றிப் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் வளர்ந்ததன் விளைவேயாகும்.

அனுமதியாகாத அனுமதிகள்

நடைமுறையில் காணும் பெருந்தவறு, வேறு துறைகளிடம் பெற்ற தாள்களைத் திட்ட அனுமதி என்று எண்ணுவதாகும். குடியிருப்பல்லாத கட்டடத்திற்குரிய விகிதத்தில் சொத்துவரி செலுத்திவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். வரி, உள்ள நிலைமையின் மீது விதிக்கப்படுவது. அந்நிலைமையை அது முறையாக்குவதில்லை. ஐதராபாத் மாநகராட்சிச் சட்டத்தின் 521-ஆம் பிரிவின்கீழ் பெறும் தொழில் உரிமமும், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ச் செய்யும் பதிவும் தத்தம் நோக்கங்களுக்கே உரியன.

ஒரு சட்டத்தின் சொல்லை மற்றொரு சட்டத்திற்கு எடுத்துச் செல்வதும் அத்தகைய தவறே. வழக்கறிஞரின் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது என்று 1984-இல் சசிதரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைப் பற்றிய விளக்கம். மண்டல விதிகளில் அதனைக் கேடயமாகப் பிடிப்பதற்குமுன், அவ்விதிகள் தாமே என்ன கூறுகின்றன என்று பார்த்தல் வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. தெலங்கானாவில் தாழ்வழுத்த இணைப்புகளில் வீட்டு உபயோகம் முதல் வகையாகவும், வீடல்லாத வணிக உபயோகம் இரண்டாம் வகையாகவும் கட்டண அட்டவணையில் அமைந்துள்ளன. வீட்டிற்கென வழங்கப்பட்ட மின்சாரத்தைப் பிற காரியத்திற்குப் பயன்படுத்துதல் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற உபயோகமாகும். அதற்குரிய கட்டணத்தின் இருமடங்கை, அவ்வுபயோகம் நடைபெற்ற காலம் முழுவதற்கும் விதிக்கலாம்; காலத்தை அறிய இயலாவிடில் பன்னிரண்டு மாதங்களுக்கு விதிக்கலாம். கொட்டகையை அலுவலகமாக்கியவர் முதன்முதலில் சந்திக்கும் அலுவலர் நகரமைப்பு ஆய்வாளராக இல்லாமல் மின்வாரிய ஆய்வாளராக இருத்தலும் கூடும்.

விண்ணப்ப முறை

ஐதராபாத்தில் கட்டட அனுமதிக்கான அடிப்படை 1955-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமாகும். புதிதாகக் கட்டுவதற்கு 428-ஆம் பிரிவும், கூட்டுதல், மாற்றுதல் முதலியவற்றிற்கு 433-ஆம் பிரிவும் முன்னறிவிப்பைக் கோருகின்றன. 2012 ஏப்ரலில் வெளியான கட்டட விதிகள் இடைவெளி, உயரம், வாகன நிறுத்தம் ஆகியவற்றை வரையறுத்தன. 2020-இல் தெலங்கானா அரசு கட்டட அனுமதிக்கும் சுயசான்றுக்குமான தனிச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 75 சதுர கஜம் வரையிலான மனையில் 7 மீட்டர் உயரம் வரை எழும் வீட்டிற்குப் பதிவு மட்டும் போதுமென்றாயிற்று. 500 சதுர மீட்டர் வரையிலான மனையில் 10 மீட்டர் உயரம் வரையிலான குடியிருப்புக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும், ஏனையவற்றிற்கு 21 நாட்களுக்குள் ஒற்றைச் சாளர அனுமதியும் கிடைக்க வழி பிறந்தது.

சுயசான்று முறை விண்ணப்பதாரரை நம்புகிறது. நம்பிக்கை தவறினால் முன்னறிவிப்பின்றி இடிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. வீடு என்று சான்றளித்துவிட்டு அலுவலகம் நடத்துபவர், தம் கையொப்பத்தையே தமக்கு எதிரான சாட்சியாக்கிக் கொள்கிறார். எனவே துணைக் கட்டடத்தை மாற்ற விரும்புவோர் பின்வரும் வரிசையில் செயற்படுவது நலம்: அனுமதிக்கப்பட்ட வரைபடத்தையும், குடியேறும் சான்றையும் தேடியெடுத்தல், அவ்வரைபடத்தில் கொட்டகை இடம்பெற்றுள்ளதா, எப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளது என்று காணுதல், மனையின் மண்டலத்தை நகரமைப்புப் பிரிவில் உறுதி செய்தல், உரிமம் பெற்ற பொறியாளரைக்கொண்டு உயரம், திறப்பு, இடைவெளி ஆகியவற்றை அளத்தல், நடத்தவிருக்கும் பணி, பணிபுரிவோர் எண்ணிக்கை, வருவோரின் வாகனங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்தல், இவற்றின் பின்னரே மின் இணைப்பையும் வரி மதிப்பையும் மாற்றிக்கொள்ளுதல்.

நிர்வாகம் கருதவேண்டியவை

விதியைக் காப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாம் அட்டவணை நகரமைப்பையும், நில உபயோகத்தை ஒழுங்குபடுத்துதலையும் நகர உள்ளாட்சி மன்றங்களுக்குரிய பொருள்களாகக் குறித்தது. ஒழுங்குபடுத்துதல் என்பது தடுத்தலை மட்டும் குறிக்காது. முறையான வழியைத் திறந்து வைப்பதும் அதன் பகுதியாகும்.

பெரிய அளவில் உபயோக மாற்றத்திற்கு அரசு வழி வகுப்பதைப் பாலாநகரிலேயே காணலாம். நகரின் வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பழைய தொழிற்பேட்டை நிலங்களைப் பல்வகை உபயோகத்திற்கு மாற்றும் கொள்கையைத் தெலங்கானா அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலங்களில் பாலாநகரும் அடங்கும். பல ஏக்கர் கொண்ட ஆலை நிலத்தின் உபயோகத்தை மாற்றக் கொள்கையும் கட்டண விகிதமும் வகுக்கப்படும்போது, பத்துச் சதுர மீட்டர் கொட்டகையில் வரைபடம் தயாரிப்பவருக்கும் எளிய, தெளிவான, செலவு குறைந்த வழி இருத்தல் நியாயமே.

அத்தகைய வழி இல்லாதபோது மக்கள் மறைந்து செயற்படுகின்றனர். மறைவு நீடித்தபின் அபராதம் செலுத்தி முறைப்படுத்தும் திட்டங்கள் தேவைப்படுகின்றன. 2007 டிசம்பரில் ஆந்திரப் பிரதேச அரசும், 2015-இல் தெலங்கானா அரசும் விதிமீறிய கட்டடங்களுக்கு இத்தகைய திட்டங்களை அறிவித்தன. இவை மீண்டும் மீண்டும் வருமாயின், விதியைப் பின்பற்றியவர் ஏமாந்தவராகிறார்; மீறியவர் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். குடியிருப்பவரே நடத்துதல், வெளிப் பணியாளர் எண்ணிக்கைக்கு வரம்பு, வீட்டின் பரப்பில் குறிப்பிட்ட பங்கு, விளம்பரப் பலகைக்கு அளவு, மனைக்குள்ளேயே வாகன நிறுத்தம் ஆகிய நிபந்தனைகளை ஒரே தாளில் அச்சிட்டு, பதிவு ஒன்றினால் வீட்டுப் பணியறையை ஏற்கும் முறையை உள்ளாட்சி மன்றங்கள் மேற்கொள்ளுமானால், நகரமைப்பு அலுவலர்களின் நேரம் உண்மையான விதிமீறல்களைக் கவனிப்பதற்குக் கிடைக்கும்.

முன்னர்க் கூறிய இரு கொட்டகைகளில் ஒன்று வீட்டோடு சேர்ந்து வாழ்கிறது. மற்றொன்று வீட்டையும் தெருவையும் இடம் பெயர்க்கிறது. இரண்டையும் ஒரே கோலால் அளந்து இரண்டையும் தடுத்தால் ஓய்வுபெற்றவரின் வருவாய் அழியும். இரண்டையும் கண்டும் காணாமல் விட்டால் பக்கத்து வீட்டாரின் அமைதி அழியும். விண்ணப்பதாரர் தம் உபயோகத்தை உள்ளவாறு கூறுதலும், அலுவலர் அவ்வுபயோகத்தின் தன்மையை ஆராய்ந்து காரணம் காட்டி ஆணை பிறப்பித்தலும் இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் வழிகளாகும்.